அமிலாய்ட் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், டாவ்தான் வேற: அல்சைமர்ல ஆண் பெண் வித்தியாசம்

அல்சைமர் பத்தி பேச்சு வந்தா யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்வார், இது பெண்களுக்குத்தான் அதிகமா வருதுன்னு. அமெரிக்கால இந்த நோயோட இருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு பெண்கள்தான், அது நெசம். உடனே பக்கத்துல இருக்கறவர், அட அதுல என்னங்க இருக்கு, பெண்கள் அதிக வருஷம் உயிரோட இருக்காங்க, இது வயசானா வர்ற நோய், அப்ப எண்ணிக்கை கூடத்தானே செய்யும்னு சொல்லிடுவார். பேச்சு அதோட முடிஞ்சிடும்.

அந்த பதில் தப்பு இல்ல, ஆனா பாதிதான். அமெரிக்கால நடந்த பல ஆய்வுகள்ல ஒரே வயசு ஆணையும் பெண்ணையும் வச்சு பாத்தா புதுசா நோய் வர்ற வேகம் ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கு, ஐரோப்பால சில ஆய்வுகள்ல 80 வயசுக்கு மேல பெண்களுக்கு கூடுதலா இருக்கு. இதுக்குள்ள இன்னொரு சிக்கலும் இருக்கு. நடுவயசுலயே ஹார்ட் அட்டாக்ல போற ஆண்கள் நிறைய பேர், அதை தாண்டி 80 வரைக்கும் வர்ற ஆண்கள் ஏற்கனவே நல்ல ரத்தக்குழாய் உள்ளவங்க, அதனால அவங்களுக்கு டிமென்ஷியா (ஞாபகமும் புத்தியும் மங்கிப்போற நிலை, அல்சைமர்தான் அதுக்கு பெரிய காரணம்) ரிஸ்க்கும் கம்மியா தெரியும்னு, அமெரிக்கால ஒரு ஊர் மக்களை பல வருஷமா தொடர்ந்து பாத்துட்டு வர்ற ஃப்ராமிங்ஹாம் ஆய்வுக்காரங்க 2015ல எழுதினாங்க. நம்ம ஊர்லயும் 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும்னு 2023ல ஒரு தேசிய அளவு ஆய்வு வந்துச்சு, அதுலயும் பெண்கள்தான் கூட. ஆனா அந்த தலைமுறைல எத்தனை பெண்களை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்கன்னு யோசிங்க, படிப்பு இல்லாததும் டிமென்ஷியாவுக்கு ஒரு ரிஸ்க், அதனால அந்த வித்தியாசத்தை அப்படியே தூக்கி மூளை பயாலஜி தலைல போட முடியாது.

ஆக தலை எண்ணி பாக்கறது ஒரு கேள்வி, மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கறது வேற கேள்வி. ஒரே வயசு, ஒரே அளவு படிப்பு, ஒரே நோய், அப்ப ஒரு ஆணோட மூளையும் பெண்ணோட மூளையும் ஒரே மாதிரிதான் கெட்டுப்போகுதா? கடந்த இருபது வருஷ ஆராய்ச்சி சொல்றது, இல்ல. எந்த இடத்துல இல்லங்கறதுதான் முக்கியம்.

அல்சைமர் மூளைல ரெண்டு குப்பை சேரும். ஒண்ணு பிளேக், அமிலாய்ட்ங்கற புரோட்டீன் துண்டுகள் நியூரானுக்கு, அதாவது நரம்பு செல்லுக்கு, வெளிய கட்டி கட்டியா படியறது. இன்னொண்ணு டாங்கிள், டாவ்ங்கற புரோட்டீன் நியூரானுக்கு உள்ளயே முறுக்கிக்கிட்டு முடிச்சு முடிச்சா சேர்றது. அமிலாய்ட் ஆரம்பத்துலயே, அறிகுறி தெரியறதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே கார்டெக்ஸ்ங்கற மூளையோட வெளி அடுக்கு முழுக்க பரவ ஆரம்பிச்சிடும். டாவ் அப்படி இல்ல, அது காதோர நெத்திப்பொட்டுக்கு உள்பக்கமா இருக்கற என்டோரைனல் கார்டெக்ஸ்ங்கற சின்ன இடத்துல ஆரம்பிச்சு, பக்கத்துல ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ், அப்பறம் மத்த இடம்னு வரிசையா போகும், இந்த வரிசையை 1991ல ஜெர்மனியோட ஹைக்கோ ப்ராக், எவா ப்ராக் தம்பதி ஆறு ஸ்டேஜா பிரிச்சு கொடுத்தாங்க, இன்னிக்கும் பேத்தாலஜிஸ்ட் எல்லாரும் அதைத்தான் பேசறாங்க. ஒருத்தருக்கு ஞாபகம் எவ்வளவு போயிருக்குங்கறது பிளேக்கோட அளவை விட டாங்கிளோட அளவோடதான் நெருக்கமா ஒத்துப்போகும். இதை மனசுல வச்சுக்கோங்க, கீழ சொல்லப்போறது எல்லாம் இது மேலதான் நிக்குது.

அலாய்ஸ் அல்சைமர் முதல்ல விவரிச்ச நோயாளி ஒரு பெண், அகஸ்தே டேட்டர், 1901ல ஃப்ராங்க்ஃபர்ட் ஆஸ்பத்திரில சேக்கும்போது வயசு 51. 1906ல அவங்க இறந்ததுக்கப்பறம் மூளையை பாத்தப்ப பிளேக்கும் இருந்துச்சு டாங்கிளும் இருந்துச்சு. அவர் 1911ல விரிவா எழுதின அடுத்த நோயாளி ஒரு ஆண், ஜோஹன் எஃப்னு மட்டும் பதிவாயிருக்கு, அந்த மூளைல பிளேக் நிறைய, டாங்கிள் இல்லவே இல்ல. 1990கள்ல மூனிச்ல அந்த பழைய ஸ்லைடுகளை தேடி எடுத்து மறுபடி பாத்தப்பவும் அதேதான். ரெண்டு கேஸை வச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது, இது வெறும் தற்செயல்தான், ஆனா பின்னாடி ஆயிரக்கணக்கான மூளைல தெரிஞ்ச போக்கும் அதே பக்கம் சாஞ்சதால எனக்கு இந்த தற்செயல் ரொம்ப பிடிக்கும்.

அந்த ஆயிரக்கணக்கான மூளை எங்கேர்ந்து வந்துச்சுங்கறது ஒரு நல்ல கதை. முதல்ல பிரபலமானது கன்னியாஸ்திரீகள் ஆய்வு, டேவிட் ஸ்னோடன் 1986ல ஆரம்பிச்சது, 678 சிஸ்டர்கள் இறந்ததுக்கப்பறம் மூளையை தர ஒத்துக்கிட்டாங்க. அருமையான ஆய்வு, ஆனா அதுல ஆண்களே கிடையாது, அதனால நம்ம கேள்விக்கு அது உதவாது. 1994ல சிகாகோல ரஷ் பல்கலைக்கழகத்துல டேவிட் பென்னெட் ஆரம்பிச்ச இன்னொரு ஆய்வுல கன்னியாஸ்திரீகளோட பாதிரியார்களும் பிரதர்களும் சேந்தாங்க. இது எவ்வளவு வசதின்னா, ரெண்டு பக்கமும் படிச்சவங்க, ரெண்டு பக்கமும் கல்யாணம் குழந்தை இல்ல, சாப்பாடு தங்கற இடம் மருத்துவம் எல்லாம் ஒரே மாதிரி, வருஷா வருஷம் ஞாபக டெஸ்ட், செத்ததுக்கப்பறம் மூளை. சாதாரண ஆண் பெண் ஒப்பீட்டுல வர்ற பாதி குழப்பம் இதுல வராது. குழந்தை பெத்துக்காத பெண்கள்ங்கறதால ஹார்மோன் சரித்திரம் வேறயா இருக்கும், அந்த குறை உண்டு.

2005ல இந்த குழுவோட லிசா பார்ன்ஸ் 141 பேரோட மூளையை வச்சு ஒரு பேப்பர் எழுதினாங்க, இந்த விஷயத்துல இன்னிக்கும் எல்லாரும் திரும்ப திரும்ப எடுத்துக்காட்டற பேப்பர் அதுதான். ரெண்டு விஷயம் சொன்னாங்க. பெண்கள் மூளைல மொத்தத்துல அல்சைமர் சேதம் கூட இருந்துச்சு, அந்த கூடுதலுக்கு முக்கிய காரணம் டாங்கிள்தான், பிளேக் இல்ல. ரெண்டாவதுதான் தூக்கிவாரிப்போட்டது. மூளைல சேதம் ஒரு யூனிட் கூடினா, உயிரோட இருந்தப்ப அல்சைமர் டிமென்ஷியா இருந்திருக்கற வாய்ப்பு ஆண்களுக்கு கிட்டத்தட்ட 3 மடங்கு ஏறுது, பெண்களுக்கு 20 மடங்குக்கும் மேல ஏறுது. 141 பேர்ங்கறது சின்ன கூட்டம்தான், அந்த 20ங்கற எண்ணை கல்வெட்டா எடுத்துக்க கூடாது, ஆனா திசை தெளிவா இருக்கு, ஒரே அளவு சேதம் பெண்கள்கிட்ட வெளிய அதிகமா தெரியுது.

2018ல அதே ரஷ் குழு, இப்ப பாதிரியார் கன்னியாஸ்திரீகளோட சிகாகோ சுத்துவட்டார பொதுமக்களையும் சேத்து, 1453 மூளையை வச்சு திரும்ப பாத்தாங்க. பெண்கள்கிட்ட டாங்கிள் அடர்த்தி கூட, சின்ன ரத்தக்குழாய் தடிக்கறதும் கூட, ஆண்கள்கிட்ட கண்ணுக்கு தெரியற அளவு பெரிய ஸ்ட்ரோக் தழும்புகள் கூட. அமிலாய்ட்ல பெருசா வித்தியாசம் இல்ல. ஆக டிமென்ஷியா வந்த ஆணோட மூளைல பல சமயம் பல சாமான் கலந்து கிடக்கும், பெண்ணோட மூளைல டாவ் கை ஓங்கி இருக்கும், தோராயமா அப்படி வச்சுக்கலாம்.

செத்த மூளைல பாக்கறதுல ஒரு அடிப்படை பிரச்சனை, கடைசி காட்சிதான் தெரியும், எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியாது. பெண்களுக்கு டாவ் கூட இருக்குன்னா அவங்க நோயோட அதிக வருஷம் வாழ்ந்ததாலயா? நியாயமான சந்தேகம். இதுக்கு விடை டாவ் பெட் ஸ்கேன் வந்ததுக்கப்பறம்தான் கிடைச்சுது, உயிரோட இருக்கறவங்க மூளைலயே டாவ் எங்க எவ்வளவுன்னு படம் எடுக்கலாம். ரேச்சல் பக்லி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துலேர்ந்து 2019ல போட்ட பேப்பர்ல 296 பேர், யாருக்கும் ஞாபக மறதி இல்ல, எல்லாரும் நார்மல். ஆண் பெண் ரெண்டு பேருக்கும் அமிலாய்ட் அளவுல வித்தியாசம் இல்ல. ஆனா அமிலாய்ட் ஏற்கனவே அதிகமா இருக்கறவங்களை மட்டும் எடுத்து பாத்தா, அதே அளவு அமிலாய்டுக்கு பெண்களோட என்டோரைனல் கார்டெக்ஸ்ல டாவ் கூட. ஞாபகம் நல்லா இருக்கும்போதே இது தெரியுதுன்னா, நோயோட நீண்ட நாள் வாழ்ந்ததால வந்ததுங்கற வாதம் இங்க நிக்காது. ரெண்டு பேருக்கும் அமிலாய்ட் தீக்குச்சி ஒண்ணுதான், டாவ்ங்கற வைக்கோல் பெண்கள் பக்கம் சீக்கிரம் பத்திக்குது.

ஏன் பத்திக்குது? இங்கதான் விஷயம் குழம்புது, குழம்பறதுதான் சுவாரசியம்.

முதல்ல எக்ஸ் க்ரோமோசோம். பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ், ஆணுக்கு ஒண்ணு. ரெண்டுல ஒண்ணை செல் அணைச்சு வச்சிடும், ஆனா சில ஜீன்கள் அந்த அணைப்புல சிக்காம ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வேலை செய்யும், அதனால அந்த ஜீன் தயாரிக்கற புரோட்டீன் பெண்கள்ல கூடுதலா இருக்கும். அதுல ஒண்ணு யுஎஸ்பி11. செல்லுக்குள்ள வேண்டாத புரோட்டீன் மேல இதை அழிச்சிடுன்னு யூபிக்விட்டின்ங்கற சின்ன சீட்டு ஒட்டுவாங்க, யுஎஸ்பி11 டாவ் மேல ஒட்டின அந்த சீட்டை கிழிச்சிடுது, அதனால டாவ் அழியாம தங்கி சேருது. 2022ல ஒஹாயோல கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்து குழு இதை காட்டினாங்க, எலிகள்ல இந்த ஜீனை எடுத்துட்டா பெண் எலிகளுக்குத்தான் நல்ல பாதுகாப்பு கிடைச்சுது. படிச்சா, சரி கதை முடிஞ்சுது, எக்ஸ்தான் வில்லன்னு தோணும்.

ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2020ல, கலிஃபோர்னியால டீனா டூபல் குழு நேர் எதிரா ஒண்ணு காட்டியிருந்தாங்க. அல்சைமர் மாதிரி சேதம் வர்றதுக்காக ஜீனை மாத்தின எலிகள்ல ரெண்டாவது எக்ஸ் இருந்தா எலி அதிக நாள் உயிரோட இருக்கு, ஞாபகமும் தாக்குப்பிடிக்குது. அவங்க பயன்படுத்தின எலிகள் ஒரு தந்திரம், விரை உருவாக்கற ஜீனை ஒய் க்ரோமோசோம்லேர்ந்து எடுத்து வேற இடத்துல வச்சு, ரெண்டு எக்ஸ் உள்ள ஆண் எலி, ஒரு எக்ஸ் ஒரு ஒய் உள்ள பெண் எலின்னு எல்லா கலவையும் உண்டாக்கி, ஹார்மோன் எது க்ரோமோசோம் எதுன்னு பிரிச்சு பாத்தாங்க. காப்பாத்தினது ஹார்மோன் இல்ல, ரெண்டாவது எக்ஸ். அதுல கேடிஎம்6ஏங்கற ஜீனை முக்கியமா சொன்னாங்க, அதுவும் அணைப்புலேர்ந்து தப்பிக்கற ஜீன்தான்.

அப்ப எக்ஸ் நல்லதா கெட்டதா? ரெண்டும்தான்னு நான் நினைக்கறேன், அதுல முரண்பாடு ஒண்ணும் இல்ல. ஒரே க்ரோமோசோம்ல டாவை சேத்து வைக்கற ஜீனும் இருக்கு, சேதத்தை தாங்க வைக்கற ஜீனும் இருக்கு. அல்சைமர் வந்ததுக்கப்பறம் ஆண்களை விட பெண்கள் அதிக வருஷம் உயிரோட இருக்காங்கங்கறது மனுஷங்கள்ல தெரிஞ்ச விஷயம், மூளைல டாவ் கூட இருந்தும் அப்படி. ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா பொருந்துது.

அடுத்தது ஏபிஓஇ4. 1993லேர்ந்து தெரிஞ்ச ஜீன் வகை, வயசானப்பறம் வர்ற அல்சைமருக்கு மிகப்பெரிய மரபு ரிஸ்க் இதுதான். ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தது, இந்த ஜீன் வகை ஒரு பிரதி (காப்பி) இருந்தாலே ஆணை விட பெண்ணை ரொம்ப அதிகமா தாக்கும்னு. 2017ல கிட்டத்தட்ட 58,000 பேரோட டேட்டாவை ஒண்ணா போட்டு பாத்தப்ப அது அவ்வளவு நேரா இல்ல, 55லேர்ந்து 85 வரைக்கும் மொத்தமா எடுத்தா ஒரு காப்பி உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் ரிஸ்க் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா 65லேர்ந்து 75 வயசுக்குள்ள மட்டும் பெண்களுக்கு கூட. இதையே மூளைத்தண்டுவட திரவத்துல அளந்து பாத்த ஒரு 2018 ஆய்வுல, ஏபிஓஇ4 உள்ள பெண்களுக்கு டாவ் கூடுது, ஆண்கள்ல அவ்வளவு இல்ல, அமிலாய்ட்ல அப்படி வித்தியாசம் இல்ல. திரும்ப டாவ். எந்த வழியா சுத்தி வந்தாலும் அந்த வாசல்லதான் வந்து நிக்குது.

மூணாவது மெனோபாஸ். ஈஸ்ட்ரோஜன் மூளைல சும்மா இல்ல, செல்கள் குளுக்கோஸை எரிச்சு எனர்ஜி எடுக்கறதுலயே அதுக்கு பங்கு இருக்கு. நியூயார்க்ல லிசா மோஸ்கோனி 40லேர்ந்து 60 வயசு பெண்களை ஸ்கேன் பண்ணி, மாதவிடாய் நிக்கற கட்டத்துலயும் நின்னப்பறமும் மூளைல குளுக்கோஸ் பயன்பாடு குறையறதை 2017ல காட்டினாங்க. அப்ப ஹார்மோன் மாத்திரை கொடுத்தா சரியாயிடுமேன்னு தோணும், தோணித்தான் 1990கள்ல அமெரிக்கால பெரிய ட்ரையல் வச்சாங்க, 65 வயசு தாண்டின 4532 பெண்கள், ஈஸ்ட்ரோஜன், ப்ரோஜெஸ்டின்னு ரெண்டு ஹார்மோன். 2003ல முடிவு வந்தப்ப டிமென்ஷியா குறையல, ரெண்டு மடங்கு ஆச்சு. அந்த பயத்துல டாக்டர்கள் ஒரு தலைமுறையே ஹார்மோன் மாத்திரையை கைவிட்டாங்க.

இப்ப அதை வேற மாதிரி படிக்கறாங்க. 65ங்கறது மெனோபாஸ் முடிஞ்சு பதினைஞ்சு வருஷம் கழிச்சு, அந்த நேரத்துல ஆரம்பிச்சது தப்போங்கற கேள்வி. 2023ல வந்த ஒரு டாவ் பெட் ஆய்வுல, சீக்கிரமே மெனோபாஸ் ஆன பெண்களுக்கும், மெனோபாஸ் ஆகி அஞ்சு வருஷத்துக்கு மேல கழிச்சு ஹார்மோன் ஆரம்பிச்சவங்களுக்கும், அமிலாய்ட் அதிகமா இருந்தா டாவ் கூட சேந்திருந்துச்சு, மெனோபாஸை ஒட்டியே ஆரம்பிச்சவங்ககிட்ட அந்த கூடுதல் தெரியல. இது கூடவே நடக்கறதை காட்டற ஆய்வுதான், இதனால அதுன்னு நிரூபிக்கற ட்ரையல் இல்ல. டிமென்ஷியாவை தடுக்கறதுக்காகன்னு ஹார்மோன் மாத்திரை போடுங்கன்னு யாராவது சொன்னா அதுக்கு இன்னும் ஆதாரம் இல்ல, அதையும் சொல்லிடறேன்.

மூளையோட நோய் எதிர்ப்பு செல்கள், மைக்ரோக்ளியா, அதுலயும் வித்தியாசம் இருக்கு, ஆண் பெண் மைக்ரோக்ளியா ஒரே மாதிரி நடந்துக்கறது இல்ல, அது தனி கட்டுரைக்கான விஷயம். 2019ல எம்ஐடி குழு 48 பேரோட மூளைலேர்ந்து 80,000 செல்களுக்கு மேல ஒவ்வொண்ணா பிரிச்சு எந்தெந்த ஜீன் வேலை செய்யுதுன்னு பாத்தப்ப, நோய்வாய்ப்பட்ட செல் கூட்டங்கள்ல பெண்கள்கிட்டேர்ந்து வந்த செல்கள்தான் அதிகம் இருந்துச்சு. அந்த 48 மூளையும் ரஷ்லேர்ந்துதான் போச்சு. இந்த துறைல எங்க தொட்டாலும் அதே பாதிரியாரும் சிஸ்டரும்தான், அதாவது பெரும்பாலும் வெள்ளைக்கார, படிச்ச அமெரிக்கர்கள், இதுல சொன்ன எதையும் நம்ம ஊருக்கு அப்படியே பொருத்தறப்ப அது ஞாபகம் இருக்கணும்.

சரி, மூளைல இவ்வளவு வித்தியாசம் இருந்தா டாக்டர் ரூம்ல தெரியணுமே? தெரியுது, ஆனா தலைகீழா. ஞாபக டெஸ்ட்னா பெரும்பாலும் ஒரு வார்த்தை பட்டியலை சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சு திருப்பி சொல்ல சொல்றது. வார்த்தை ஞாபகத்துல பெண்கள் வாழ்நாள் முழுக்க ஆண்களை விட கெட்டி. எரின் சன்டர்மேன் அமெரிக்கால காட்டினது, ஹிப்போகாம்பஸ் சுருங்கினது ஒரே அளவா இருந்தும், குளுக்கோஸ் பயன்பாடு குறைஞ்சது ஒரே அளவா இருந்தும், பெண்கள் அந்த டெஸ்ட்ல ஆண்களை விட நல்லா செய்யறாங்க. ஆனா டெஸ்ட்டுக்கு பாஸ் மார்க் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. விளைவு, ஆரம்ப கட்ட பெண் பாஸாகி வீட்டுக்கு போயிடறாங்க, அவங்களே எனக்கு என்னமோ மாதிரி இருக்குன்னு சொன்னாலும் ஸ்கோர் நல்லா இருக்கேம்மா, டென்ஷனா இருக்கும்னு அனுப்பிடுவாங்க. கடைசில டெஸ்ட்ல ஃபெயில் ஆகும்போது உள்ள டாவ் நிறைய தூரம் போயிருக்கும், அங்கேர்ந்து சரிவு வேகமா இருக்கும். மேல சொன்ன 20 மடங்கு கணக்குக்கும் இதுக்கும் முரண்பாடு மாதிரி தெரியும், ஆரம்பத்துல தாங்கறாங்கன்னு ஒரு பக்கம், அதே சேதத்துக்கு டிமென்ஷியா அதிகம்னு இன்னொரு பக்கம். ரெண்டும் ஒரே வளைவோட ரெண்டு பகுதின்னு பாத்தா சரியா வருது, ரொம்ப நேரம் மட்டமா போய்ட்டு ஒரு இடத்துல திடீர்னு செங்குத்தா இறங்கற வளைவு. ஆண்களோடது ஆரம்பத்துலேர்ந்தே சாய்வா இறங்கும்.

ஆண்கள் வேற விதமா கோட்டை விடப்படறாங்க. ஃப்ளோரிடால மேயோ கிளினிக்ல மெலிசா மர்ரே 2011ல 889 அல்சைமர் மூளைகளை எடுத்து டாங்கிள் எங்க அடர்த்தியா இருக்குன்னு எண்ணினப்ப, முக்கால்வாசி பேர் வழக்கமான மாதிரி, ஆனா 11 சதவீதம் பேருக்கு ஹிப்போகாம்பஸ் ஓரளவு தப்பிச்சு, கார்டெக்ஸ்தான் அடிபட்டிருந்துச்சு. இவங்க வயசுல சின்னவங்க, அதுல ஆண்கள் அதிகம். இன்னொரு 14 சதவீதம் நேர் எதிர், ஹிப்போகாம்பஸ் பக்கம் மட்டும் மோசம், வயசு அதிகம், பெண்கள் அதிகம். முதல் வகை ஆளுக்கு ஞாபகம் அவ்வளவு மோசமா இருக்காது, பேச்சு தடுமாறும், குணம் மாறும், கணக்கு வழக்கு குழம்பும், அதனால டாக்டர் வேற நோய் பேரை எழுதிடுவார். அதே ஆய்வாளர்கள் 2018ல 1606 மூளையை வச்சு எழுதினப்பவும் ஆண்கள்கிட்ட இந்த மாதிரி வழக்கத்துக்கு மாறான வடிவம் அதிகம்னுதான் வந்துச்சு. மூணுல ரெண்டு பங்கு பெண்கள்ங்கற அந்த எண்ணுக்குள்ளயே, சரியா எண்ணப்படாத ஆண்கள் கொஞ்சம் பேர் ஒளிஞ்சிருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கடைசியா மருந்து. லெக்கனெமாப், ட்ரையல்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தக்குழாய் வழியா ஏத்தினது, மூளைல இருக்கற அமிலாய்டை துடைக்கும். 1795 பேர், 18 மாசம், 2022 கடைசில முடிவு வந்துச்சு, நோய் மோசமாகற வேகம் 27 சதவீதம் குறைஞ்சுது. பேப்பரோட பின்னிணைப்புல ஆண் பெண் பிரிச்சு போட்டிருந்தாங்க, ஆண்களுக்கு 43 சதவீதம், பெண்களுக்கு 12. இதை வச்சு பெண்களுக்கு இந்த மருந்து வேலை செய்யாதுன்னு பரபரப்பா எழுதினாங்க. அது அவசரம். அந்த ட்ரையல் மொத்த கூட்டத்துக்கு விடை சொல்ல வடிவமைச்சது, உள்ள சின்ன சின்ன குழுவா உடைச்சா எண்கள் தற்செயலாவே இப்படி ஆடும், அமிலாய்ட் ரெண்டு பேருக்கும் நல்லாவே துடைபட்டுச்சு. 12ஐயும் 43ஐயும் நான் ஆதாரமா எடுத்துக்க மாட்டேன்.

ஆனா சும்மா ஒதுக்கவும் மனசு வரல. ரெண்டு பேருக்கும் சமமா இருக்கற அமிலாய்டை அடிக்கற மருந்து, பெண்கள் பக்கம் ஏற்கனவே டாவ் முன்னாடி போயிடுச்சுன்னா அங்க பலன் கம்மியா இருக்கும்னு எதிர்பாக்க நியாயம் இருக்கு, டாவ் அதிகமா உள்ளவங்களுக்கு அமிலாய்ட் மருந்தோட பலன் கம்மிங்கறது இன்னொரு மருந்தான டோனனெமாப் ட்ரையல்லயே தெரிஞ்சுது. இதை தீத்து வைக்க ட்ரையல் ஆரம்பத்துலயே ஆண் பெண் தனித்தனியா விடை வர்ற அளவுக்கு ஆள் சேக்கணும், மெனோபாஸ் எப்ப ஆச்சு, ஹார்மோன் எடுத்தாங்களான்னு கேக்கணும், ஆளை எடுக்கற ஞாபக டெஸ்ட்டுக்கே தனி கட்ஆஃப் வைக்கணும், இல்லன்னா ஒரே ஸ்கோர்ல உள்ள வர்ற பெண், ஆணை விட முத்தின நோயோடதான் வருவாங்க, ஒப்பீடே கோணலாயிடும். டாவ் உற்பத்தியையே குறைக்கற பிஐஐபி080ங்கற மருந்து 2023ல 46 பேர் கொண்ட முதல் கட்ட ட்ரையல்ல, அதிக டோஸ் எடுத்தவங்களோட தண்டுவட திரவத்துல டாவை பாதிக்கும் மேல இறக்குச்சு. அந்த வகை மருந்தோட பெரிய ட்ரையல் முடிவு எது வந்தாலும் நான் முதல்ல திறக்கப்போறது பின்னிணைப்பைத்தான், ஆண் ஒரு வரி, பெண் ஒரு வரி, அந்த டேபிளை.